அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாகக் கோயம்புத்தூர் போகும் பேருந்துப் பயணம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. திம்பம் மலைப்பாதையில் மட்டும் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பேருந்தில் ஏறும் ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் சிலர் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். கேட்டால், "மலை ஏறும்போது வயிற்றைப் புரட்டும்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் காரணம் வேறு. வண்டி குலுங்கினாலோ, தும்மினாலோ, பேரன் சொன்ன வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்தாலோ சிறுநீர் கசிந்துவிடுமோ, கட்டியிருக்கும் புடவை காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சம்தான் அது.

இதைப் பற்றிச் சங்க இதழுக்கு எழுதப்போகிறேன் என்றபோது, "குடும்பத்தோடு படிக்கிற இதழாயிற்றே" என்று ஒரு சகோதரி தயங்கினார். குடும்பத்தோடு படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். மகன்களும் கணவன்மார்களும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வீட்டுப் பணப்பை பெரும்பாலும் அவர்கள் கையில்தானே இருக்கிறது!

சிறுநீர்க் கசிவு அபூர்வமான வியாதி அன்று. பல நாட்டு ஆய்வுகள் வயது வந்த பெண்களில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவிலோ, அதற்கு மேலோ இது இருப்பதாகச் சொல்கின்றன. இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சொட்டுவது ஒரு வகை. "வருகிறது" என்று தோன்றியதும் கழிவறைக் கதவை எட்டுவதற்குள் வந்துவிடுவது இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தும் வரும். பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் உடலில் ஏற்படும் மாற்றம், உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், சர்க்கரை நோய் என்று காரணங்கள் பல. முப்பது வயதில் இரண்டாவது குழந்தையைப் பெற்ற பெண்ணுக்கும் வரும். "வயதானால் அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது சரியல்ல.

கசிவைவிடக் கொடுமையானது அதனால் தோலுக்கு வரும் கேடு. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அந்த அமிலமே ஒரு கவசம். சிறுநீர் பட்ட இடம் நெடுநேரம் ஈரமாக இருந்தால், அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அமிலம் போய்க் காரம் ஏறுகிறது. ஊறிய தோல் மெலிந்து, உராய்வு தாங்காமல் உரிகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்தப் பகுதித் தோல் ஏற்கனவே மெலிந்து வறண்டிருக்கும். இயல்பிலேயே எதற்கெடுத்தாலும் தடித்து அரிக்கும் தோல்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மருத்துவ நூல்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்து "சிவந்திருக்கும்" என்று எழுதிவிடுகின்றன. நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ, ஊதா நிறம் படர்ந்தோ, பளபளப்பாகவோ தெரியும். ஆகவே கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராமல், எரிச்சல் என்றாலே கவனிக்க வேண்டும்.

நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? மருந்துக் கடையில் மாதவிடாய் நாப்கினை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மகளுக்கோ பேத்திக்கோ வாங்குவதுபோல் வாங்கிவிடலாம், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்த நாப்கின் மெதுவாக வரும் இரத்தத்துக்காகச் செய்யப்பட்டது. சிறுநீர் நீர்த்தது, ஒரே வீச்சில் வருவது. அந்த வேகத்தில் அதை உள்ளே இழுத்துக்கொள்ள அதனால் முடியாது. மேற்பரப்பு ஈரமாகவே நிற்கும், ஓரங்களில் வழியும். உடனே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வைப்பார்கள். மேலே உள்ளதன் அடியில் பிளாஸ்டிக் தாள் இருப்பதால் ஈரம் கீழே உள்ளதற்குப் போகாது. கனமும் புழுக்கமும் கூடியதுதான் மிச்சம்.

சிறுநீர்க் கசிவுக்கென்றே செய்த பேடு வேறு. அதன் நடுவே மரக்கூழோடு சோடியம் பாலி அக்ரிலேட் என்ற பொடி கலந்திருக்கும். அது தன் எடையைப்போல் பல மடங்கு சிறுநீரை உறிஞ்சிக் கூழாகிவிடும், எளிதில் திரும்ப வெளியே விடாது. தூய தண்ணீரானால் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும், சிறுநீரின் உப்பு அந்தத் திறனைக் குறைத்துவிடும். எனவே "இத்தனை மில்லி தாங்கும்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி நாள் முழுக்க ஒன்றையே வைத்திருக்கக் கூடாது. நனைந்தால் மாற்ற வேண்டும். நனையாவிட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது எளிதில் புண்படும் தோலுக்கு நல்லது.

அட்டையில் "இன்கான்டினென்ஸ்" அல்லது "பிளாடர்" என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வாசனை சேர்த்ததை வாங்காதீர்கள். மல்லிகை மணமும் ரோஜா மணமும் கூந்தலில் இருக்கட்டும். வாசனைப் பொருள், சாயம், ஒட்டும் பசை ஆகியவை சிலர் தோலுக்கு ஒவ்வாது. தோலோடு ஒட்டும் மேல்தாளில் இரண்டு வகை உண்டு. சிறு துளைகள் உள்ள வலை போன்ற பிளாஸ்டிக் ஒன்று, துணிபோல் மெத்தென்ற தாள் மற்றொன்று. பலருக்கு இரண்டாவதுதான் ஒத்துக்கொள்கிறது. "பஞ்சுபோல் மென்மை" என்று எழுதியிருந்தால் அது பஞ்சு என்று எண்ணிவிட வேண்டாம், பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் இழைதான். பெரிய பொட்டலம் மலிவு என்று முதலிலேயே வாங்காமல், சிறிய பொட்டலம் ஒன்று வாங்கி, வீட்டில் இருக்கும் நாளில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள். நாலு சொட்டுக் கசிவுக்கு முழு டயாபர் வேண்டியதில்லை. அதைப் போட்டால் இடுப்பு முழுதும் வியர்த்து, இல்லாத அரிப்பும் வந்து சேரும்.

பழைய துணி நல்லதில்லையா என்று கேட்பீர்கள். நைந்த வேட்டித் துணி தோலுக்கு மென்மையானது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். நனைந்தவுடன் மாற்றி, சோப்பு மிச்சமில்லாமல் அலசி, வெயிலில் காயப்போட முடிந்தால் அது போதும். ஆனால் துணி ஈரத்தை விலக்குவதில்லை, தோலோடேயே வைத்திருக்கிறது. மைசூர் மழைக்காலத்தில், அடுக்குமாடி வீட்டு பால்கனியில், மற்றத் துணிகளுக்கு அடியில் மறைத்து உலர்த்திய துணி எப்படிக் காயும்? அரை ஈரத்தோடு மறுபடி எடுத்துக் கட்டுகிறார்கள்.

கழுவுவதிலும் நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சுத்தம் என்றால் நுரை வர வேண்டும், மணக்க வேண்டும். மைசூர்க்காரர்களாகிய நமக்குச் சந்தன சோப்பின் மேல் தனிப் பெருமை வேறு. எந்த ஊர்க் கட்டிச் சோப்பும் காரத்தன்மை உடையதே. முகத்துக்கு எப்படியோ, ஊறிப் புண்ணான இடத்துக்கு அது ஆகாது. கிருமிநாசினி கலந்த வெந்நீர் இன்னும் மோசம். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக ஆக்ஸைடு களிம்போ மெல்லிய பூச்சாகத் தடவலாம். அப்பிவிட்டால் பேடின் மேல்தாள் அடைபட்டு உறிஞ்சாமல் போகும். டால்கம் பவுடர் வேண்டாம். ஈரத்தில் கட்டிகட்டியாகி உறுத்துவதோடு, டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2024இல் மேலே ஏற்றியும் இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. ஊரிலிருந்து மகன் வீட்டோடு இருக்க மைசூர் வந்த ஓர் அம்மையாருடன் மருத்துவரிடம் போயிருந்தேன். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். மூலம் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு முறை மருத்துவரைப் பார்த்தாயிற்று. இரண்டு முறையும் உடன் போனது பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன், ஏனென்றால் வீட்டில் கன்னடம் நன்றாகப் பேசுகிறவன் அவன்தான். பேரனை வைத்துக்கொண்டு பாட்டி என்ன சொல்வாள்? "கால் வலி" என்றார். கால் வலிக்கு மாத்திரை கிடைத்தது. மூன்றாம் முறை, பெண் மருத்துவர் ஒருவரிடம், அறையில் வேறு யாரும் இல்லாதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வாசனை நாப்கின் இரண்டு, காலையில் வைத்தது மாலைவரை. செலவு ஆகுமே என்ற கவலை. ஒரு நாளைக்கு நாலுமுறை கிருமிநாசினித் தண்ணீர். அதன்மேல் பவுடர். அதற்கும் மேலாகக் கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு களிம்பு. தோல் உரிந்து, மடிப்புகளில் பூஞ்சையும் பற்றியிருந்தது. சரியான மருந்தும் சரியான பேடும் கிடைத்த இரண்டு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. ஒன்றரை வருடம் அனுபவித்த வேதனை!

கடைக்காரர் தரும் களிம்பு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். அரிப்பு என்றதும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பை மருந்துச்சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுப்பது நம் நாட்டில் சர்வசாதாரணம். இரண்டு நாள் குளிர்ச்சியாக இருக்கும். தொடர்ந்தால் தோல் இன்னும் மெலியும், பூஞ்சையும் அடங்காமல் பரவும். படைக்குச் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றினால் அது பெரும்பாலும் பூஞ்சை, மருத்துவர் பார்த்தே மருந்து தர வேண்டும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், திடீரென்று தொடையிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மொழி ஒரு பெரிய தடை என்பது கடையிலும் அலுவலகத்திலும் தெரிவதில்லை. காய்கறிக் கன்னடம் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. தேவராஜா மார்க்கெட்டில் பூ விலை பேசும் பாட்டிக்கு உடம்பின் மறைவிடத்தைப் பற்றிப் பேசக் கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. தமிழிலேயே சொல்லக் கூசுகிறவர் இன்னொரு மொழியில் எப்படிச் சொல்வார்? தேவையான சொற்கள் என்னவோ மிகக் கொஞ்சம்தான், அவற்றில் பாதி நம் சொற்களே. "மூத்ர ஸோருத்ததெ" என்றால் சிறுநீர் கசிகிறது. கண்ணீர் சோர நின்றாள் என்று நாம் எழுதுகிறோமே, அந்தச் சோர்தல்தான் இந்த ஸோரு. எரிச்சலுக்கு "உரி". அரிப்புக்கு "துரிகெ". இருமினால் என்பதற்குக் "கெம்மிதரெ", தும்மினால் என்பதற்கு "ஸீனிதரெ". இந்த வரியைக் கத்தரித்து அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

இனிப் பணம். மாதவிடாய் நாப்கினை வீட்டுப் பேச்சாக ஆக்கியவர் நம் கோயம்புத்தூர்க்காரர் அருணாசலம் முருகானந்தம். கடையில் விற்கும் நாப்கினின் உள்ளே இருப்பது பருத்தி அல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடித்து, மலிவாகச் செய்யும் எந்திரத்தை உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ, 2018இல் அவர் கதையைத் தழுவி இந்தித் திரைப்படம் என்று பெருமைகள் வந்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டார்கள். நாடெங்கும் பெண்கள் குரல் எழுப்பியதும் 2018 ஜூலையில் அந்த வரியே நீங்கியது. மக்கள் மருந்தகங்களில் 2019 முதல் ஒரு ரூபாய்க்கு நாப்கின் தந்தார்கள். கர்நாடகத்தில் "சுசி", தமிழ்நாட்டில் "புதுயுகம்" என்று திட்டங்கள் வந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் வளரிளம் பெண்களை மனத்தில் வைத்து வந்தவை. அதே பெண் ஐம்பது வயதில் வேறு காரணத்துக்காகப் பேடு தேடும்போது யார் குரல் எழுப்பினார்கள்? நோயாளிகளுக்கான டயாபர்மீது 12 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 வரை நீடித்தது. அன்றுதான் 5 ஆகக் குறைந்தது. நாப்கினுக்கு ஒரு வருடத்தில் கிடைத்த நியாயம், இதற்குப் பாதி கிடைக்கவே எட்டு வருடம் ஆயிற்று. வாய் திறந்து கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் உள்ள வேறுபாடு அது.

கணக்கும் பெரியது. மாதவிடாய்க்கு மாதம் இருபது நாப்கின் போதுமென்றால், நாளுக்கு மூன்று பேடு வீதம் இதற்கு மாதம் தொண்ணூறு வேண்டும். எந்த அம்மா தன் மகனிடம் மாதாமாதம் கை நீட்டி இதற்குப் பணம் கேட்பாள்? அதனால்தான் இரண்டை ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் இழுக்கிறார்கள், தோலைப் பறிகொடுக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் யாரும் அம்மாவைக் கெஞ்ச வைப்பதில்லை. இதையும் அரிசி பருப்போடு மாதச் சாமான் பட்டியலில் எழுதிவிடுவதே வழி. பட்டியலை எழுதுகிறவர் மருமகளானால், மாமியாரைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஒரு பொட்டலத்தை அவர் அலமாரியில் வைத்துவிடலாம். வார்த்தை வேண்டியதில்லை. நம் வீடுகளில் பல நல்ல காரியங்கள் அப்படித்தான் நடக்கின்றன.

பேடு வாங்கியதோடு கடமை முடிந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இலேயே இதற்கு உடற்பயிற்சியை எழுதிவைத்தார். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தொட்டில்போல் கீழிருந்து தாங்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அது. உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இருமினால் சொட்டும் வகைக்கு இதுவே முதல் வைத்தியம். ஆனால் குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும், முதலில் ஒரு பெண் பிஸியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்வது நல்லது. பலர் எந்தத் தசை என்று தெரியாமல் வயிற்றை எக்கிக்கொண்டிருக்கிறார்கள். அடக்க முடியாமல் ஓடும் வகைக்காரர்கள் காபியைக் குறைத்துப் பார்க்கலாம். நான் இதைச் சொன்னதும் ஒரு மாமி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்! நான்கு வேளையை இரண்டு வேளை ஆக்கச் சொன்னேனே தவிர, டிகாஷனைக் கீழே கொட்டச் சொல்லவில்லை. தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு, பைக்கும் தோலுக்கும் எரிச்சல் கூடும். நீர்த்தாரைத் தொற்றும் மலச்சிக்கலும் பின்னாலேயே வரும்.

பயன்படுத்திய பேடை எறிவது பற்றி ஒரு வார்த்தை. 2015இல் நாட்டின் 476 நகரங்களில் தூய்மையில் முதலிடம் பெற்றது மைசூர். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் கும்பாரகொப்பலு போன்ற இடங்களில் நம் குப்பையைக் கையால் பிரிக்கும் பெண்கள். செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுத்தால் அவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டியிராது. கழிவறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அந்தப் பொடி ஊதிக் குழாயை அடைத்தால், மறைக்க நினைத்த விஷயத்தைப் பிளம்பர் வந்து தெருவுக்கே சொல்லுவார்.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பார்க்கும்போது மேடையும் ஒலிபெருக்கியும் சரியா என்று பார்ப்பதுபோல், பெண்கள் கழிவறை எவ்வளவு தூரம், படி ஏற வேண்டுமா, மூடியுள்ள குப்பைக்கூடை இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு மணி நேரம் இடைவேளை இல்லாமல் நிகழ்ச்சி நடத்தினால், பின்வரிசையில் ஒரு கூட்டம் ஏன் பாதியில் எழுந்து போகிறது என்று வருந்த வேண்டியதில்லை. அடுத்த மகளிர் கூட்டத்துக்குப் பெண் மருத்துவர் ஒருவரையும் பிஸியோதெரபிஸ்ட் ஒருவரையும் அழைக்கலாம். கோலப் போட்டி அதற்கடுத்த மாதம் நடக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கன்னடம் நன்றாகப் பேசும் நடுத்தர வயதுப் பெண்கள் ஐந்தாறு பேர், கூப்பிட்டால் மருத்துவமனைக்குத் துணை வருவோம் என்று பெயர் கொடுக்க வேண்டும். பேரனை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே கூடப் போக ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே. பலகையில் எழுதி ஒட்ட வேண்டாம், மகளிர் பிரிவுச் செயலாளரிடம் இருந்தால் போதும். முதல் பெயராக என் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு வசதி.